210 நானோமீட்டரில் பேஸ்லைன் ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது?

கேள்வி: எங்கள் ஹெச்பிஎல்சியில் (திரவத்தை அழுத்தத்தில் ஓட்டிக் கலவையைப் பிரிக்கும் கருவி) கரிமப் பொருள்களைப் பிடித்துவைக்கும் சி18 பிரிப்புக் குழாயும் யூவி டிடெக்டரும் இருக்கின்றன. 'ஏ' பாட்டிலில் 0.1% டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) கலந்த தண்ணீர், 'பி' பாட்டிலில் 0.1% டிஎஃப்ஏ கலந்த அசிட்டோநைட்ரைல். 210 நானோமீட்டரில் பின்னணி அளவு (பேஸ்லைன்) முன்பைவிட மிக அதிகம், கிரேடியன்ட் ('பி'யின் பங்கைப் படிப்படியாகக் கூட்டும் ஓட்டம்) ஓட ஓட இன்னும் ஏறுகிறது. டியூட்டீரியம் விளக்கை மாற்றியும் குறையவில்லை. ஃப்ளோ செல்லை (திரவத்தின் ஊடே ஒளி பாயும் சிறு அறையை) கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பதில்: இப்போதைக்குச் செல்லைத் தொடாதீர்கள். விளக்கை மாற்றியும் குறையாததில் வியப்பில்லை. பல டிடெக்டர்களில் ஒளியின் ஒரு பங்கு செல்லைத் தாண்டியும், இன்னொரு பங்கு நேராக ரெஃபரன்ஸ் டயோடுக்கும் போகிறது. விளக்கு மங்கினால் இரண்டும் சேர்ந்தே மங்கும். அப்போது பெருகுவது இரைச்சல்தான், உறிஞ்சல் அளவு பெரிதாக மாறாது. பின்னணி ஏறியிருக்கிறது என்றால் ஒளியின் வழியில் எதுவோ அதை உறிஞ்சுகிறது. அது திரவமாக இருக்கலாம், செல்லின் சன்னலில் படிந்த அழுக்காகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பிரிப்புக் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் 0.12 மிமீ உள்விட்டமுள்ள ட்யூபிங் ஒரு மீட்டர் இணையுங்கள். வெறும் யூனியன் (இணைப்பான்) போட்டால் எதிரழுத்தம் போதாமல் பம்பின் செக் வால்வுகள் சரியாக மூடாது. ஊசியேற்றும்போது தானாக நடக்கும் ஆட்டோ ஜீரோவை (அளவைப் பூஜ்யமாக்குவதை) நிறுத்தி வையுங்கள், உண்மையான உயரத்தை அது மறைத்துவிடும். 18.2 மெகாஓம் தூய தண்ணீரை அன்றே பிடித்து, நிமிடத்துக்கு 1 மிலி வீதம் ஓடவிட்டு, டிடெக்டர் காட்டும் சாம்பிள் எனர்ஜியை (செல்லைத் தாண்டி வரும் ஒளியின் அளவை) குறித்துக்கொள்ளுங்கள். கருவி நன்றாக இருந்த நாளின் பதிவோடு ஒப்பிட, புது விளக்கு இருந்தும் ரெஃபரன்ஸுடன் பார்க்கையில் சாம்பிள் எனர்ஜி மட்டும் சரிந்திருந்தால் செல்லைச் சந்தேகியுங்கள். சரியாக இருந்தால் தண்ணீரில் ஒருமுறை ஜீரோ செய்து, 100% 'ஏ', பிறகு 100% 'பி' என மாற்றி ஓட்டுங்கள். எதில் எவ்வளவு ஏறுகிறது என்பதே குற்றவாளியைக் காட்டிவிடும்.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் டிஎஃப்ஏ மேல்தான். 210-இல் அதுவே ஒளியை உறிஞ்சும், அதனால் ஓரளவு பின்னணி தவிர்க்க முடியாதது. பலமுறை திறந்து மூடிய பழைய பாட்டில் என்றால் நிலைமை மோசமாகும். 1 மிலி ஆம்பியூல் ஒன்றை உடைத்து, ஒரு லிட்டருக்கு ஒன்றாக அப்படியே கலந்து பாருங்கள். கிரேடியன்ட்டில் ஏறுவதற்குக் காரணம் வேறு: அசிட்டோநைட்ரைல் கூடக் கூட டிஎஃப்ஏவின் உறிஞ்சல் நிறமாலை நகர்கிறது. 'ஏ'யில் 0.1% வைத்து 'பி'யில் 0.085% ஆகக் குறைத்தால் 215 நானோமீட்டர் அருகே கோடு ஏறத்தாழ மட்டமாகிவிடும். முறையில் அலைநீளத்தை மாற்ற அனுமதி இருந்தால் 214 அல்லது 220-க்குப் போங்கள், பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) அங்கும் நன்றாகப் பார்க்கலாம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லாத இடத்தில் 0.1% பாஸ்போரிக் அமிலம் இன்னும் தெளிவானது. ஆனால் அதை மாற்றினால் பீக்குகளின் (பதிவில் எழும் கூம்புகளின்) இடமும் மாறும், முறையை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பிரிப்புக் குழாயை மீண்டும் மாட்டி, 5% 'பி'யில் 10 நிமிடம் சமநிலைப்படுத்தி, எதையும் ஏற்றாமல் கிரேடியன்ட் ஓட்டுங்கள். பிறகு 40 நிமிடம் சமநிலைப்படுத்தி மீண்டும் ஓட்டுங்கள். தேவையற்ற பீக்குகள் இரண்டாம் முறை பல மடங்கு பெருத்தால் அழுக்கு 'ஏ' பாட்டிலில் இருக்கிறது. நீரிலுள்ள கரிமப் பொருள்கள் சி18-இல் சேர்ந்துகொண்டே போய், அசிட்டோநைட்ரைல் ஏறியதும் மொத்தமாக வெளியேறுகின்றன. பாராஃபிலிமால் மூடிய பாட்டில், சோப்புப் போட்டுக் கழுவிய பாட்டில், தேவையில்லாமல் நைலான் ஃபில்டரில் வடிகட்டியது என எல்லாமே இதைச் செய்யும். ஹெச்பிஎல்சி தரக் கரைப்பானை வாங்கியபின் வடிகட்டாதீர்கள். பழைய 'ஏ'யின் மேல் புதியதை ஊற்றி நிரப்பாதீர்கள், பாக்டீரியா அங்கேதான் தங்கும். இந்தப் பழக்கத்தை நிறுத்தினாலே பாதித் தொல்லை போய்விடும்.

கரைந்த வாயுவை நீக்கும் டீகேஸரையும் விடாதீர்கள். கரைந்த ஆக்சிஜனும் இந்த அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும். மெத்தனால் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும், அதன் கட்-ஆஃபே (அதற்குக் கீழே கரைப்பானே ஒளியைப் பெரிதும் உறிஞ்சும் எல்லை) 205 நானோமீட்டர். தவிர, டீகேஸர் சவ்வில் பழைய கரைப்பான் ஊறியிருந்தால் மெல்லக் கசிந்து வரும். ஹீலியம் செலுத்திய 'ஏ'யை டீகேஸரைத் தவிர்த்து நேராகப் பம்புக்குக் கொடுத்துப் பாருங்கள், அளவு சட்டென இறங்கினால் காரணம் அங்கேதான்.

இவ்வளவுக்குப் பிறகும் செல்தான் என்று உறுதியானால், கழற்றாமலே முதலில் கழுவுங்கள். பிரிப்புக் குழாய் இல்லாமல் தண்ணீர், பிறகு ஐசோப்ரொப்பனால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 0.5 மிலி வீதம் அரை மணி நேரம். அது போதாவிட்டால் மட்டும், கையேடு அனுமதித்தால், மீண்டும் தண்ணீரால் நன்றாக அலசி, செல்லின் நுழைவாயிலில் சிரிஞ்ச் கொண்டு 20% நைட்ரிக் அமிலத்தை மெதுவாகச் செலுத்துங்கள். ஆல்கஹால் மிச்சம் துளிகூட இருக்கக்கூடாது. நைட்ரிக் அமிலமும் ஐசோப்ரொப்பனாலும் சேர்ந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. பீக் (PEEK) எனும் பிளாஸ்டிக்கால் ஆன ட்யூபிங்கையும் அடர் அமிலம் அரிக்கும். கடைசியில் பிஎச் தாள் நடுநிலை காட்டும்வரை தண்ணீர் ஓடவிட்டு, எனர்ஜியை மறுபடி அளந்து பதிவேட்டில் எழுதுங்கள்.