கோடு போட்டு ஓட்டும் கிர்பி: வாசகர் கேள்வி பதில்

நிண்டெண்டோ டிஎஸ் கையடக்கக் கருவிக்கு 2005-ல் வந்த ‘கிர்பி: கேன்வாஸ் கர்ஸ்’ ஆட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறோம். ஜப்பானில் இதன் பெயர் ‘டச்! கிர்பி’. ஐரோப்பாவில் ‘கிர்பி: பவர் பெயின்ட்பிரஷ்’ என்று விற்றார்கள். மூன்றும் ஒரே ஆட்டம்தான். உருவாக்கியது எச்ஏஎல் லேபரட்டரி.

கேள்வி: கிர்பி ஆட்டம் என்றால் குதிப்பதும் எதிரியை விழுங்குவதும்தானே. இதில் பொத்தானே வேண்டாம் என்கிறார்கள். பிறகு எப்படி ஆடுவது?

டிராசியா என்ற சூனியக்காரி ஆட்டத்தின் நாயகனான கிர்பியைக் கையும் காலும் இல்லாத வெறும் பந்தாக மாற்றிவிடுகிறாள். பந்தால் குதிக்க முடியாது, உருளத்தான் முடியும். எங்கே உருள வேண்டும் என்பதை நீங்கள் கீழ்த்திரையில் ஸ்டைலஸால் (தொடுதிரைப் பேனாவால்) வானவில் கோடு போட்டுச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மை செலவாகும். கோட்டை எந்தப் பக்கம் இழுத்தீர்களோ அந்தப் பக்கம்தான் அது கிர்பியைத் தள்ளும். இடமிருந்து வலம் இழுத்தால் வலப்பக்கம் ஓடும். அதே கோட்டை வலமிருந்து இடமாக இழுத்தால் திரும்பி வரும். பார்ப்பதற்கு இரண்டு கோடும் ஒன்றுபோலவே இருக்கும், வேலை நேர்மாறு. புதிதாக ஆடுபவர் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

மற்றவை எளிது. கிர்பியைத் தட்டினால் ஒரு பாய்ச்சல் பாயும், அந்த வேகத்தில் கட்டைகளும் உடையும். எதிரியைத் தட்டினால் அது சற்று நேரம் அசையாமல் நிற்கும், அப்போது கிர்பியை மோதவிட வேண்டும். சில எதிரிகளிடமிருந்து திறன் கிடைக்கும். அதற்குப் பிறகு கிர்பியைத் தட்டினால் பாய்ச்சலுக்குப் பதிலாக அந்தத் திறன் வேலை செய்யும்.

கேள்வி: பள்ளம் வந்தாலே விழுந்துவிடுகிறது. அவசரமாகக் கோடு போட்டால் மை தீர்ந்துபோகிறது. ஸ்டைலஸ் ஆட்டங்களில் கட்டுப்பாடு கைக்குள் நிற்காது என்று நண்பர்கள் சொல்வது சரிதானா?

இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை அது சரியில்லை என்று உறுதியாகச் சொல்வோம். கை நழுவுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: தேவைக்கு மேல் கோடு போடுவது. நீளமான கோடு இரண்டு விதத்தில் கெடுதல். மையைக் குடித்துவிடும். அதோடு, கிர்பி அதன் மேல் ஓடி முடியும்வரை வேகமும் திசையும் உங்கள் கையில் இருக்காது.

ஒரு சாதாரணப் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். கிர்பி வலப்பக்கம் உருண்டு வருகிறது. பெரும்பாலானவர்கள் விளிம்புக்கு வெகு முன்பே ஆரம்பித்து எதிர்க்கரை தாண்டியும் இழுக்கிறார்கள். அது வேண்டாம். விளிம்புக்குச் சற்று முன்னால், தரையை ஒட்டி ஸ்டைலஸை வையுங்கள். எதிர்க்கரையின் விளிம்புவரை மட்டும் இழுங்கள். கடைசிப் பகுதியைக் கொஞ்சம் மேல்நோக்கி முடியுங்கள். அந்தச் சின்ன ஏற்றம் கிர்பியைக் கரையின் மேல் தூக்கிப் போடும். தட்டையாக முடித்தால் எதிர்க்கரைச் சுவரில் முட்டிக் கீழே விழும். விழுவதில் பாதி இப்படித்தான்.

கோட்டைக் கிர்பியின் உடம்பிலிருந்து தொடங்காதீர்கள். ஸ்டைலஸ் அதன் மேல் பட்டால் கோடு வராமல் பாய்ச்சல் வந்துவிடும். பள்ளத்தின் ஓரத்தில் வேண்டாத பாய்ச்சல் எங்கே கொண்டுபோகும் என்று சொல்லத் தேவையில்லை. எப்போதும் சிறிது முன்னால் தள்ளி வையுங்கள்.

மை விஷயம்: கிர்பி தரையில் இருக்கும்போது மை விரைவாக நிரம்பும். கோட்டிலேயே தொங்கவிட்டுக்கொண்டு போனால் நிரம்ப நேரம் கிடைக்காது. எனவே உயரமான இடங்களில் ஒரே மூச்சில் ஏற முயலாமல், வழியில் ஒரு திட்டு கிடைத்தால் அங்கே கிர்பியை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கும் கோடுதான்: அது போகும் வழியில் செங்குத்தாக ஒரு குட்டைக் கோடு போட்டால் போதும், சுவர்போல் தடுக்கும். அரை விரற்கடை உயரம் தாராளம். எதிரி எறியும் குண்டுகளையும் கதிர்களையும்கூட இந்தக் குட்டைக் கோடு தடுத்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமலே கடைசி லெவல்வரை போனவர்கள் உண்டு, பாவம், தேவையில்லாமல் அடி வாங்கியிருப்பார்கள்.

நீருக்குள் எல்லாம் தலைகீழ். பந்து மிதக்கும். எனவே கோட்டைக் கிர்பிக்குக் கீழே போடாமல் மேலே, கீழ்நோக்கிச் சாய்த்துப் போட வேண்டும். ‘ஸ்டோன்’ திறன் கையில் இருந்தால் கல்லாகி மூழ்கிவிடும், மை மிச்சம்.

கேள்வி: கோடு நான் தொட்ட இடத்தில் விழாமல் சற்றுத் தள்ளி விழுகிறது. ஆட்டத்தின் கோளாறா, கருவியின் கோளாறா?

கருவியினுடையது. டிஎஸ்ஸின் தொடுதிரை இன்றைய போன்களில் இருப்பது போன்றதல்ல. மெல்லிய இடைவெளியோடு இரண்டு அடுக்குகள் இருக்கும். ஸ்டைலஸ் அழுத்தும் இடத்தில் மேலடுக்கு வளைந்து கீழடுக்கைத் தொடும், அந்த இடத்து மின்னழுத்தத்தை வைத்துக் கருவி புள்ளியைக் கணக்கிடும். ஒரே நேரத்தில் ஒரு புள்ளியை மட்டுமே அதனால் அறிய முடியும். இரண்டு இடத்தில் அழுத்தம் பட்டால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொட்டதாக எடுத்துக்கொள்ளும்.

முதலில் உங்கள் கையைப் பாருங்கள். கருவியைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் திரையின் ஓரத்தில் உரசுகிறதா? எழுதும்போது தாளில் உள்ளங்கையை ஊன்றுவது போலத் திரையில் ஊன்றுகிறீர்களா? அப்படியென்றால் கோடு அந்தப் பக்கம் இழுபடுவது இயல்புதான். கையைச் சட்டத்தின் மேல் ஊன்றிப் பழகுங்கள்.

கை காரணமில்லை என்றால் அடுத்தது ஓரங்களில் சேரும் தூசி. திரைக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கும் இடையே ஒரு துகள் சிக்கினாலும் அது நிரந்தரமாக அழுத்திக்கொண்டே இருக்கும். கருவியை அணைத்துவிட்டு, ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, அதன் மூலையை அந்த இடுக்கில் மெதுவாக நாலு பக்கமும் ஓட்டி எடுங்கள். ஊசி, பிளேடு கூடாது. திரையைக் காக்கும் தாள் ஒட்டியிருந்தால் அதன் விளிம்பு சட்டத்துக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சற்றுப் பெரிதாக வெட்டிய தாள் இதே தொல்லையைத் தரும். கழற்றிவிட்டு ஒருமுறை ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை முடிந்த பிறகுதான் அளவுதிருத்தம். டிஎஸ்ஸின் முதல் மெனுவில் அமைப்புகளுக்குள் போய், தொடுதிரைத் திருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். திரை சரியாக வேலை செய்யாவிட்டாலும் திசைப் பொத்தான்களாலேயே அங்கே போய்விடலாம். காட்டும் குறிகளின் நட்டநடுவில், கருவியை மேசையில் வைத்து, ஸ்டைலஸைச் செங்குத்தாகப் பிடித்துத் தட்டுங்கள். சாய்வாகப் பிடித்துத் திருத்தினால் அந்தச் சாய்வையே கருவி மனப்பாடம் செய்துகொள்ளும். தூசியை எடுக்காமல் திருத்தத்தை முதலில் செய்வதும் வீண், தூசி நகர்ந்ததும் பிசகு மறுபடி வரும்.

முனை தட்டையான ஸ்டைலஸை மாற்றிவிடுங்கள். பால்பாயின்ட் பேனாவின் மூடி, குச்சி, உலோகமுனை எதுவும் வேண்டாம். இந்த ஆட்டத்தில் திரையின் ஒரே பகுதியில் நூற்றுக்கணக்கான தடவை இழுக்கிறோம். முனையில் மணல் துகள் ஒட்டியிருந்தால் கீறல் நிச்சயம். ஆடத் தொடங்கும் முன் முனையையும் திரையையும் மென்துணியால் துடைப்பது அரை நிமிட வேலை.

கேள்வி: ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் ஆட்டம் என்று தோன்றியது. இதை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

கதையை முடித்திருக்கிறீர்கள், ஆட்டத்தை முடிக்கவில்லை. மெயின் மெனுவில் ‘ரெயின்போ ரன்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் குட்டிக் குட்டித் தடங்கள். அவற்றை இரண்டு விதமாக ஆடலாம்: எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்கிறீர்கள் என்பது ஒன்று, எவ்வளவு குறைந்த மையில் முடிக்கிறீர்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பது எங்கள் கருத்து. கதையில் தாராளமாகக் கோடு போட்டுத் தப்பித்த இடங்களிலெல்லாம் இங்கே ‘கோடே இல்லாமல் போக முடியுமா?’ என்று யோசிக்க வைக்கும்.

முறை இது. முதல் தடவை தடத்தைச் சும்மா ஓட்டிப் பாருங்கள், சரிவுகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். சரிவில் கிர்பி தானே வேகம் எடுக்கும், அங்கே கோடு வேண்டாம். சமதளத்தில் கோட்டுக்குப் பதில் பாய்ச்சல், அதற்கு மை செலவில்லை. சின்னப் பள்ளங்கள் பலவற்றைச் சரியான நேரத்துப் பாய்ச்சலிலேயே தாண்டிவிடலாம். ஏறியே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் கோடு, அதுவும் கிர்பி வந்து சேரும் கடைசிக் கணத்தில், தேவையான நீளத்துக்கு. நேரப் பந்தயத்தில் இதற்கு மாறாக, கிர்பியைச் சுற்றி ஓடவிடும் வளையக் கோடுகள் வேகத்துக்குக் கைகொடுக்கும், மையை நினைக்கவே வேண்டாம். ஒரே தடத்தை இந்த இரண்டு விதத்திலும் ஆடத் தெரிந்தவர் இதைப் பிள்ளைகள் ஆட்டம் என்று சொல்லமாட்டார்.

சேரும் பதக்கங்களைக் கொடுத்துப் புதிய ஆட்களை வாங்கலாம்: வாடில் டீ, வாடில் டூ, டிடிடி மன்னன், மெட்டா நைட். எதிரியின் திறனை எடுக்கும் வசதி கிர்பிக்கு மட்டும்தான், எனவே இவர்களோடு பழைய லெவல்களுக்குப் போனால் பழகிய வழியே வேறாகத் தெரியும். மெட்டா நைட் மிக வேகம். கை பழகும் முன் எடுத்தால் பள்ளத்தில்தான் முடியும்.

கேள்வி: பாஸ் சண்டைகள் ஏமாற்றம். உங்கள் கருத்து?

ஒத்துக்கொள்கிறோம். லெவல் முடிவில் பெரிய சண்டையை எதிர்பார்த்துப் போனால் மூன்று சிறு விளையாட்டுகள்தான் கடினம் கூடிக்கூடித் திரும்ப வருகின்றன. டிடிடி மன்னனோடு வண்டிப் பந்தயம், கிராக்கோவிடம் கோட்டை மட்டையாக வைத்துக் கிர்பியைப் பந்தாக அடித்து உடைக்கும் ‘பிளாக் அட்டாக்’, பெயின்ட் ரோலரோடு காட்டிய படத்தை வெடிகுண்டுத் திரி எரிந்து முடிவதற்குள் வரைந்து காட்டும் ‘பெயின்ட் பேனிக்’. இவற்றில் ‘பிளாக் அட்டாக்’தான் லெவல்களில் கற்ற கைப்பழக்கத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது. கடைசியில் டிராசியாவோடு நடப்பது மட்டும் உண்மையான சண்டை. அது போல இன்னும் இரண்டு இருந்திருக்கலாம்.

கேள்வி: எனக்கு இடக்கைப் பழக்கம். கையும் சீக்கிரம் வலிக்கிறது.

இடக்கைக்காரர்களுக்கு இதைவிட ஏற்ற டிஎஸ் ஆட்டம் குறைவு. திசைப் பொத்தானும் ஸ்டைலஸும் சேர்ந்து தேவைப்படும் ஆட்டங்களில்தான் கை மாறும் சிக்கல் வரும். இங்கே ஒரு கை பிடிக்க, ஒரு கை வரைய. வலிக்கு முக்கியக் காரணம் எடையை ஒரே கையில் தாங்குவது: முதல் டிஎஸ் 275 கிராம், பின்னால் வந்த மாடல்களில் டிஎஸ் லைட் 218, டிஎஸ்ஐ எக்ஸ்எல் 314. மடியிலோ மேசையிலோ வைத்து ஆடுங்கள். ஸ்டைலஸ் குட்டையாக இருந்தால் விரல்கள் இறுகும். எக்ஸ்எல்லுடன் வரும் தடித்த பேனா போன்ற ஸ்டைலஸ் எந்த டிஎஸ் திரையிலும் வேலை செய்யும்.

கேள்வி: இப்போது வாங்க நினைத்தால் எந்தக் கருவி நல்லது? பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எங்கள் தேர்வு டிஎஸ்ஐ எக்ஸ்எல். அதன் திரை 4.2 அங்குலம். முதல் டிஎஸ்ஸின் திரை 3 அங்குலம்தான். படத்தின் அளவு இரண்டிலும் 256-க்கு 192 புள்ளிகளே. ஆனால் கை நகரும் தூரம் கூடுவதால் சின்னக் கோட்டைத் துல்லியமாகப் போடலாம். அடுத்த தலைமுறைக் கருவியான 3டிஎஸ்ஸிலும் ஓடும், ஆனால் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் சற்று மங்கும். ஸ்டார்ட் அல்லது செலக்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஆட்டத்தைத் திறந்தால் கூர்மையாக வரும், ஆனால் படம் சிறுத்துவிடும். கோட்டை நம்பியே ஓடும் ஆட்டத்தில் சிறுத்த படத்தை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம், மங்கலே பரவாயில்லை.

இந்த ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியப் பதிப்பு எதுவும் எந்த டிஎஸ்ஸிலும் ஓடும். ஜப்பானியப் பதிப்பில் எழுத்துகள் ஜப்பானியத்தில் இருக்கும். போலிகள் ஏராளம். அசல் கார்ட்ரிட்ஜின் பின்பக்கம், தங்கநிறத் தொடுமுனைகளுக்குச் சற்று மேலே, பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வாங்கும் இடத்திலேயே ஒரு ஸ்டேஜ் ஆடி, அணைத்து, மறுபடி திறந்து, சேமிப்பு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். போலிகள் பெரும்பாலும் காலை வாருவது சேமிப்பில்தான்.

கேள்வி: நிண்டெண்டோவின் டிவி கருவியான வீ யூ-வில் 2015-ல் வந்த ‘கிர்பி அண்ட் த ரெயின்போ கர்ஸ்’ இதைவிட மேல் என்கிறார்களே?

அழகில் மேல். களிமண்ணில் பிடித்தது போன்ற அந்த உருவங்கள் கண்ணுக்கு விருந்து. ஆனால் கோடு போட வேண்டியது கையில் பிடிக்கும் கேம்பேட்டின் திரையில் என்பதால் ஆடுபவர் பெரிய டிவியை நிமிர்ந்து பார்க்கவே முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் அந்த அழகை ரசிக்கிறார். திறன்களை எடுத்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது. பதிலுக்கு டேங்க், ராக்கெட், நீர்மூழ்கி என உருமாற்றங்கள் தனி ஸ்டேஜ்களில் வருகின்றன. 2005-ல் ‘மிசைல்’ திறனை எடுத்து, பறக்கும் ஏவுகணையைக் கோடு போட்டுத் திருப்பி, மூலையில் ஒளிந்திருக்கும் கட்டையில் கொண்டுபோய் மோதவிட்டவருக்கு அந்த இழப்பு தெரியும். வீட்டில் இன்னும் மூன்று பேர் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் வீ யூ. தனியாக ஆட, டிஎஸ்.

கேள்வி: ஸ்டைலஸ் தொலைந்துவிட்டது. போனுக்கு விற்கும் ரப்பர்முனைப் பேனா போதுமா?

போதாது. அழுத்தினால் திரை உணரும், ஆனால் அந்த ரப்பர் முனை அகலமாகப் பரவி, கிர்பியையே மறைத்துவிடும். விரலும் அப்படித்தான். சுமார் ஒரு மில்லிமீட்டர் உருண்டை முனையுள்ள பிளாஸ்டிக் ஸ்டைலஸ் மலிவாகவே கிடைக்கும். டிஎஸ் லைட்டுக்கான ஸ்டைலஸ் முதல் டிஎஸ்ஸின் துளையில் பொருந்தாது, எனவே மாடலைச் சொல்லி வாங்குங்கள். இரண்டாக வாங்கி ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.