துளசி எண்ணெய் ஏன் ஒரு செடியில் கராம்பாகவும் மறு செடியில் வேறாகவும் மணக்கிறது?

கேள்வி: முற்றத்தில் நிற்கும் பச்சைத் துளசியையும் கருந்துளசியையும் தனித்தனியே ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறேன். பச்சையின் எண்ணெய் கராம்பு போல மணக்கிறது. மற்றதற்கு மெல்லிய இனிப்பு மணம். வடிநீரில் சில துளிகள் மிதக்க, சில அடியில் தங்குகின்றன. கராம்பு மணமுள்ளது இப்போது பழுப்பாகிவிட்டது. கெட்டுவிட்டதா? சளி பிடித்த 3 வயது மகனுக்கு ஒரு துளியைத் தேனில் கொடுக்கலாமா? (வாசகி, நிலாவெளி)

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை தருகிறேன்: கொடுக்க வேண்டாம். ஒரு கிலோ பச்சையிலையிலிருந்து சில கிராம் எண்ணெயே கிடைப்பதால், ஒரு துளி என்பது ஏறக்குறைய ஒரு கைப்பிடி இலையின் சாரம். கராம்பு வாசத்தைத் தரும் வேதிப்பொருளான யூஜெனோல் நிறைந்த கராம்பு எண்ணெயை 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை விழுங்கிய சிறு குழந்தைகளுக்கு வலிப்பும் ஈரல் பாதிப்பும் ஏற்பட்டமை மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஒரு துளி அந்த அளவல்ல என்பது உண்மையே. ஆயினும் போத்தல் குழந்தையின் கைக்கு எட்டிவிட்டால் அந்த அளவுக்கு அதிக நேரம் பிடிக்காது. நம் வீடுகளில் வழக்கமான துளசியிலைக் குடிநீரில் எண்ணெயிலுள்ள பொருள்கள் மிகச் சிறிதளவே இறங்குகின்றன. அதையும் சித்த வைத்தியரிடம் அளவு கேட்டே கொடுங்கள்.

இனி மணத்துக்கு வருவோம். உங்கள் பச்சைத் துளசியின் கராம்பு வாசம் கராம்பிலேயே உள்ள அதே யூஜெனோலால் வருவது. சில செடிகளில் ஒரு நொதியம் யூஜெனோலின் ஐதரொட்சில் தொகுதியில் ஒரு மெதைல் தொகுதியை இணைத்து, அதை மெதைல் யூஜெனோல் ஆக்கிவிடுகிறது. அப்போது காரம் அடங்கி, மணம் மென்மையாகிறது. உங்கள் கருந்துளசி இந்த வகையாக இருக்கக்கூடும். ஆனால் இலையின் கருநிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்நிறம் அந்தோசயனின் என்ற சாயத்தால் வருவது, அது ஆவியுடன் எழுவதுமில்லை. ஆகவே நிறத்தைப் பார்த்து எண்ணெயின் குணத்தைத் தீர்மானிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

துளிகள் பிரிந்து நிற்பதற்குக் காரணம் அடர்த்தி. தண்ணீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் யூஜெனோலின் அடர்த்தி ஏறத்தாழ 1.07, துளசியெண்ணெயின் மற்றொரு முக்கிய கூறான கரியோபிலினுடையது 0.90. இவ்விரண்டும் கலந்த எண்ணெய் தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதாலும், வடிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் துளிகளின் சேர்மானம் வேறுபடுவதாலும், சில மிதக்கும், சில அமிழும். மேலும் யூஜெனோல் ஒரு லீற்றர் நீரில் 2 கிராமுக்குச் சற்று மேலாகக் கரையக்கூடியது. வடிநீர் மணப்பது அதனால்தான். ஒரு லீற்றர் வடிநீரில் 100 கிராம் உப்பைக் கரையுங்கள், உங்கள் ஊர் உப்பளத்து உப்பே போதும். நீர் கனத்து எண்ணெய் மேலே திரளும், கரைந்திருந்த யூஜெனோலிலும் ஒரு பங்கு வெளியேறும். அந்த நீரைப் பின்னர் வேறெதற்கும் பயன்படுத்த இயலாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழுப்பு நிறம் யூஜெனோல் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுறுவதன் அடையாளம். வெயிலும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும், இரும்புப் பாத்திரம் நிறத்தை இன்னும் கருக்கச் செய்யும். கச்சான் வீசும் மாதங்களில் எண்ணெயை யன்னலோரம் வைக்கவே கூடாது. சிறிய கருநிறக் கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சிலவகைப் பிளாஸ்டிக்கை யூஜெனோல் இளக்கிவிடும். நிறம் மாறியதெல்லாம் நஞ்சாகிவிடாது, ஆனால் பழைய எண்ணெய் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் வாய்ப்பு அதிகம் என்பதால் உடம்பில் பூச வேண்டாம்.

இனிப்பு மணமுள்ள எண்ணெயையும் உள்ளுக்கோ தோலுக்கோ பயன்படுத்தாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மெதைல் யூஜெனோலை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதத்தக்கவை அடங்கும் 2ஏ பிரிவில் 2023இல் சேர்த்தது. வீணாகிறதே என்று வருந்த வேண்டியதில்லை. மாம்பழங்களைத் துளைக்கும் பழ ஈக்களின் ஆண்களுக்கு இந்த மணம் தாங்கமுடியாத ஈர்ப்பு. மாங்காய்க் காலத்தில் ஒரு பஞ்சில் இரண்டு துளி விட்டு மரநிழலில் தொங்கவிடுங்கள். ஈக்கள் அதில் மொய்த்தால் மெதைல் யூஜெனோல் நிறைய இருக்கிறதென்று கொள்ளலாம். பிறகு அதே பஞ்சை, அடியில் சவர்க்கார நீர் ஊற்றி, தோள்பக்கம் துளையிட்ட போத்தலுக்குள் தொங்கவிட்டால் அதுவே பொறியாகிவிடும்.