ஒரு நிமிடம் எண்ணுதல்

மதிப்புக்குரிய ஐயா,

நான் மல்லாவியில் வசிக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையில் அவசர மருத்துவ உதவியாளராகச் சேர விரும்புகிறேன். எந்தப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும்? இப்போதைக்கு எலும்புகளின் பெயர்களையும் மருந்துகளின் பெயர்களையும் பாடமாக்குகிறேன். என் ஆங்கிலம் போதாது என்ற பயம் இருக்கிறது. இரவு வேலை பெண்பிள்ளைக்குச் சரிவராது என்று அண்ணா சொல்கிறார். ஏற்கெனவே பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி, “நாடித்துடிப்பு, பிறஷர், ஒட்சிசன் எல்லாவற்றையும் கருவியே காட்டும், சுவாசத்துக்கு மட்டும் 18 என்று எழுதிவிட்டால் போதும்” என்றாள். வழிகாட்டுவீர்களா?

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது கடிதத்தின் கடைசி வரிக்கு முந்திய வரி என்னை இரண்டு நாட்களாக நிம்மதியாக இருக்க விடவில்லை. சென்ற மாதம் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தபோது, கட்டில்களின் கால்மாட்டில் தொங்கிய அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஆறு கட்டில்கள், ஆறிலும் சுவாச வீதம் 18. அவர்களுள் ஒரு கிழவர் தோள்களை உயர்த்தி உயர்த்தி, கழுத்துக் குழி உள்ளே இழுபட, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 34 வந்தது. அந்த அட்டையிலும் 18 என்றுதான் இருந்தது.

உமது தோழி சொன்னது தவறு. அதைக் கேட்டு, மறுக்காமல் எனக்கு எழுதி அனுப்பியது உமது தவறு. எண்ணாமல் எழுதிய எண் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் அடுத்த வைத்தியர் முடிவெடுப்பார்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். படிக்கப் படிக்க வரும். அண்ணாவுக்கு ஒரு பதில் போதும்: இரவில் பிள்ளைப்பேற்று வலி எடுத்த பெண்ணின் அருகே அம்புலன்ஸில் இன்னொரு பெண் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அம்மாவிடம் கேட்கச் சொல்லும். மருந்துப் பெயர்கள் பயிற்சியில் வரும். எலும்புகளின் பெயர்களும் அப்படித்தான்.

மூச்சுக்கு வருகிறேன். வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். இருமலோடு வரும் குழந்தையில், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ஐயும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ஐயும் எட்டினால் அது வேகமான சுவாசம். நியூமோனியாவை நினைக்க வேண்டும். விரலில் மாட்டும் கருவி இரத்தத்திலுள்ள ஒட்சிசனைச் சொல்லுமே தவிர, மூச்சைச் சொல்லாது. முகமூடியால் ஒட்சிசன் போய்க்கொண்டிருக்கும் ஒருவரின் மூச்சு ஆழமிழந்து தளர்ந்துகொண்டே போனாலும், கருவி இன்னும் சிறிது நேரம் 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குத்தான் அந்தத் தளர்ச்சி முதலில் தெரியும்.

இன்னொன்று. எங்கள் ஊர்களில் ‘சேடம் இழுக்கிறது’ என்பார்கள். இதயம் நின்றவுடன் வாய் திறந்து, நீண்ட இடைவெளி விட்டு, கொர்ரென்று ஒன்றிரண்டு இழுப்பு வரும். அதைக் கண்டு “மூச்சு இருக்கிறது” என்று சுற்றி நின்று காத்திருப்பவர்கள் பலர். அது மூச்சல்ல. ஆள் அசைவற்று, கூப்பிட்டால் பதிலின்றி, அந்த இழுப்பு மட்டும் இருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்: வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, மூச்சு எனக்குச் சித்தப்பாவின் உருவில் வந்தது. 1990களின் நடுப்பகுதியில் இடம்பெயர்ந்து ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த சித்தப்பா விடியப்புறம் வயிற்றுவலி என்று எழுந்தார். அப்பாச்சி ஓமத்தண்ணீர் அவித்துக் கொடுத்தார். கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை. சிறிது நேரத்தில் அவருடைய இமைகள் பாதியில் தொங்கின. “நித்திரை வருது, படுக்க விடுங்கோ” என்றார்கள். கட்டுவிரியன் பாம்பு கடித்தால் அப்படித்தான் தொடங்கும் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது: நித்திரையில் கடிக்கும், வலி பெரிதாக இராது, பல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும், வயிறு வலிக்கும், பிறகு இமை, நாக்கு, தொண்டை என்று இறங்கிக் கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். புடையன் (கண்ணாடி விரியன்) கடித்த கால் வீங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படி எதையும் காட்டாது.

மூன்று வீடுகளில் போத்தல் போத்தலாகச் சேர்த்த டீசலில் உழவு இயந்திரம் புறப்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது நெஞ்சு ஏறி இறங்குவது நின்றே போயிருந்தது. நாடித்துடிப்பு மட்டும் இருந்தது. வென்ரிலேற்றர் அங்கே இல்லை. தொண்டைக்குள் குழாயை இறக்கி, கையால் அமத்திக் காற்றூட்டும் ‘அம்பு’ (Ambu) பையை மாட்டி, தாதி ஒருவர் என் கையில் தந்தார். “உன்ர மூச்சோட சேர்த்து அமத்து தம்பி, நெஞ்சு எழும்பினால் காணும்” என்றார். நானும் அப்பாவும் மாறி மாறி இரண்டு இரவும் ஒரு பகலும் அமத்தினோம். பெருவிரலின் அடியில் தோல் உரிந்தது. பயத்தில் நான் வேகமாக அமத்தும்போதெல்லாம் அந்தத் தாதி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார். அவர் ஏன் நிறுத்தினார் என்பது பிறகுதான் புரிந்தது: நாடித்துடிப்புள்ள வளர்ந்தவருக்கு ஆறு விநாடிக்கு ஒரு தடவை போதும். கூடினால், குழாய் போடாத நோயாளிக்குக் காற்று இரைப்பைக்குள் போய் வாந்தி வரும். குழாய் போட்டவருக்கும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும்.

இரண்டாம் இரவு ஒருவர் கட்டிலருகே நின்று, கண்ணுக்குள் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு, “இது சரிவராது, வீட்டுக்குக் கொண்டுபோற அலுவலைப் பாருங்கோ” என்று சொல்லிப் போனார். கட்டுவிரியன் விஷம் கண்மணியின் அசைவையும் நிறுத்திவிடக்கூடும். ஆள் இறந்தவர்போலக் கிடப்பார். ஆனால் அந்த விஷம் பெரும்பாலும் அறிவை மறைப்பதில்லை. மூன்றாம் நாள் காலை சித்தப்பாவின் சின்னிவிரல் அசைந்தது. பேச்சு வந்த பிறகு, ரோச் அடித்தவர் சொன்னதை அவர் எனக்கு ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். நான் அப்போது அழுததையும் சொன்னார்.

ஆகவே உமது அம்புலன்ஸில் அப்படி ஒருவர் கிடந்தால், கடிவாயை வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ எவரையும் விடாதேயும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே அறிவித்து, வழி நெடுக மூச்சை எண்ணும். அவரோடு பேசிக்கொண்டும் இரும். 2018இல் வடக்குக்கு இந்தச் சேவை வந்தபோது என் மனத்தில் முதலில் எழுந்தது அந்த உழவு இயந்திரப் பெட்டிதான்.

புத்தகம் கேட்டிருந்தீர். பட்டியல் பிறகு அனுப்புகிறேன். இன்றிரவு வீட்டில் வயதான எவராவது படுத்திருந்தால், அருகில் இருந்து, நாடித்துடிப்புப் பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முழுதாக ஒரு நிமிடம் அவருடைய மூச்சை எண்ணும். எண்ணுவதை அவரிடம் சொல்லாதேயும். சொன்னால் மூச்சு மாறிவிடும். வந்த எண்ணை எனக்கு எழுதும்.