பெரியப்பாவின் காதும் கொம்பியூட்டரும்

அன்புள்ள அண்ணா,

உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் படித்து முடித்துவிட்டு, இப்போது பரந்தனில் பெரியப்பாவின் கராச்சில் நிற்கிறேன். போர்மியுலா வன் கார்களை முழுக்கக் கொம்பியூட்டரிலேயே வடிவமைக்கிறார்கள், அதனால்தான் வருடாவருடம் புதுக் கார் வருகிறது என்று சொன்னேன். "இரும்பைத் தொடாமல் வாகனம் செய்ய ஏலாது" என்று பெரியப்பா ஒரேயடியாக மறுக்கிறார். யார் சரி?

— ஒரு வாசகர், வட்டக்கச்சி

அன்புத் தம்பி,

கொம்பியூட்டர் வேலையை வேகமாக்குகிறது என்பது சரி. ஆனால் 'முழுக்க' என்றீர்களே, பெரியப்பா அந்த இடத்தில்தான் பிடித்திருக்கிறார். நல்ல பிடி.

முன்பெல்லாம் காரை நிலத்தோடு அமுக்குகிற இறக்கை ஒன்றின் வளைவை மாற்றுவதென்றால் பலகையில் தாள் விரித்துக் கீறவேண்டும். அதைப் பார்த்து மாதிரி செய்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஊதிப் பார்க்கவேண்டும். பிழையென்று அப்புறம்தான் தெரியும். இப்போது ஓர் அளவை மாற்றினால் அதோடு ஒட்டிய பாகங்களும் திரையில் சேர்ந்து மாறுகின்றன. இன்னொரு மென்பொருள் காரைச் சுற்றியுள்ள காற்றைக் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அமுக்கம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போடுகிறது. காபன் நாரில் பாகம் செய்ய முதலில் அச்சு வெட்டவேண்டும். அச்சுக்குப் போகுமுன்பே பத்து வடிவத்தைக் கழித்துவிடலாம் என்றால் எத்தனை நாள் மிச்சம் என்று பாருங்கள்.

சரி, முழுக்கத் திரையை நம்பினால் என்ன நடக்கும்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2010இல் வேர்ஜின் அணி, பொறியியலாளர் நிக் வேர்த்தின் தலைமையில், காற்றுச் சுரங்கத்துக்கே போகாமல் ஒரு காரைச் செய்தது. துணிச்சலான வேலை, மரியாதையோடுதான் சொல்கிறேன். அந்த ஆண்டு அவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை, கடைசி இடம். எரிபொருள் தாங்கி சிறிதாகிப்போய், பிறகு பெருப்பிக்க வேண்டியும் வந்தது. புது அணி, பணமும் குறைவு. எல்லாப் பழியையும் கொம்பியூட்டரின் தலையில் போடமுடியாது. ஆனால் அடுத்த ஆண்டே அந்த வழியை விட்டுவிட்டார்கள்.

பணம் உள்ளவர்களுக்கும் இது நடந்தது. 2022இல் விதிகள் மாறி, காரின் அடிப்பக்கக் காற்றே காரை நிலத்தோடு இழுத்துப் பிடிக்கிற வடிவம் திரும்பி வந்தது. மெர்சிடிஸ் கார் நேர்ப்பாதையில் வேகம் எடுத்ததும் மேலும் கீழுமாகக் குதிக்கத் தொடங்கியது. சுரங்கத்தில் நிஜக் காரின் 60 வீத அளவுக்கு மேல் மாதிரி வைக்கக்கூடாது, காற்றும் மணிக்கு 180 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது என்பது விதி. கார் குதித்ததோ அதற்கு மேலான வேகத்தில். கொம்பியூட்டர் கணக்குக்கும் கூப்பன் மாதிரி ஓர் அளவு உண்டு. முதலிடம் வந்த அணிக்கு அடிப்படை அளவில் 70 வீதம்தான், பின்னால் வந்தவர்களுக்கு அதைவிட அதிகம்.

அதனால்தான் பயிற்சி ஓட்டத்தில் அணிகள் ஒரு காரியம் செய்கிறார்கள். மண்ணெண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயில் ஒளிரும் பச்சைத் தூளைக் கரைத்து இறக்கையில் பூசிவிட்டு ஓட்டுவார்கள். திரும்பி வரும்போது காற்று போன வழியெல்லாம் கோடு கோடாகக் காய்ந்திருக்கும். அதைப் படமெடுத்துத் திரையில் வந்த கோடுகளோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் கணக்கைத்தான் திருத்தவேண்டும்.

தொண்ணூறுகளில், எரிபொருள் தடை இருந்த காலத்தில், வன்னியில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த பெயரிங் போகிறது என்று சொன்னவர்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் பெரியப்பாவும் அந்த ஆட்களில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அந்தக் காது எந்த மென்பொருளிலும் இல்லை, தம்பி. அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

படிக்க வழி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே அறிவியல் நகரில், உங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. திரையில் பாகம் வரைகிற ஃபிரீகேட், காற்றுக் கணக்குப் போடுகிற ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள்கள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். முதலில் ஃபிரீகேட்டை எடுங்கள். ரேஸ் காரில் தொடங்கவேண்டாம். கராச்சுக்கு வருகிற லான்ட்மாஸ்டரின் பெட்டிக் கொளுக்கியை அளந்து வரையுங்கள். பாரம் ஏற்றினால் எந்த இடத்தில் முதலில் வெடிக்கும் என்று பெரியப்பாவிடம் கேட்டு, சோக்கால் ஒரு குறி போடச் சொல்லுங்கள். பிறகு திரையில் பாரத்தை ஏற்றுங்கள். அழுத்தம் கூடித் திரையில் சிவக்கிற இடமும் அவர் குறித்த இடமும் ஒன்றா என்று எனக்கு எழுதுங்கள்.