ஐந்தரை மணிக்கு யார் எழுந்திருப்பது?

போன இதழில், நாய் வாங்கலாமா என்று கேட்ட ஒரு வாசகருக்கு, "காலை ஐந்தரைக்கு யார் எழுந்து கூட்டிக்கொண்டு போவது என்று முதலில் வீட்டில் முடிவு பண்ணுங்கள், அப்புறம் வாங்குங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்குச் சந்தேகம். இந்த முறை முழுக்க அதுதான்.

எங்களுக்கு ஒரே பெண், 9 வயது. தனியாக இருப்பதால் எந்நேரமும் செல்போன்தான். ஆறு மாதமாக நாய்க்குட்டி வேண்டும் என்று அழுகிறாள். வாங்கிக் கொடுத்தால் பொறுப்பு வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வருமா?
– வாசகி, திருச்சி

வரும், உங்களுக்கு.

முதல் இரண்டு வாரம் அவளே பெயர் வைப்பாள், தட்டு கழுவுவாள், பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொள்வாள். மூன்றாவது வாரம் பள்ளியில் பரீட்சை வந்துவிடும். அதற்கப்புறம் ஹாலில் மூத்திரம் துடைப்பது, கடித்துப் போட்ட செருப்புக்கு ஜோடி தேடுவது, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போவது எல்லாம் நீங்கள்தான். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக அடுத்தவை, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடிக்கான ஊசி. இந்த வரிசை முடிகிற வரைக்கும் தெருவில் இறக்கி நடக்க விடாதீர்கள். பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது, ரத்தமாகக் கழிந்து ஓரிரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும், அதைப் பார்த்த குழந்தை ரொம்ப நாளைக்கு மறக்காது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நாய்க்கு 12 வருஷம் ஆயுள் என்று வைத்தால், அது கிழமாகும்போது உங்கள் பெண்ணுக்கு 21. எங்கோ ஹாஸ்டலில் இருப்பாள், இல்லாவிட்டால் வேலைக்குப் போயிருப்பாள். குழந்தைக்கென்று வாங்கும் நாய் பெரும்பாலும் கடைசியில் அம்மா நாயாகத்தான் முடிகிறது, நான் பார்த்த வீடுகளில் இதுதான் கதை. அது உங்களுக்குச் சம்மதம் என்றால் தாராளமாக வாங்குங்கள். பொறுப்பு வரவழைக்கத்தான் என்றால் ஒரு துளசிச் செடி கொடுத்துப் பாருங்கள். வாடினால் வேறு வைக்கலாம்.

ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் "தனியாக இருப்பதால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான காரணம், பொறுப்பை விட நல்ல காரணமும் கூட. என் தங்கை மகன் ஸ்கூலில் வாயே திறக்க மாட்டான். வீட்டு நாயை உட்கார வைத்து ஆங்கிலப் பாடம் முழுக்கச் சத்தமாகப் படித்துக் காட்டுவான். தப்பாகப் படித்தாலும் திருத்தாத ஒரே ஆள் அதுதான். கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை, மார்கழி, தை மாதத்தில் உங்கள் தெருவிலேயே நாலு குட்டி கிடக்கும்.

ஹஸ்கி வாங்க ரொம்ப நாள் ஆசை. வீட்டில் ஏசி ரூம் இருக்கிறது. நண்பர்கள் பாவம் என்கிறார்கள். தப்பா?
– வாசகர், வேளச்சேரி

சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்கென்று வளர்த்த ஜாதி அது. இரண்டு அடுக்கு ரோமம், அதோடு நாள் முழுக்க ஓட வேண்டும் என்கிற வெறி. ஏசி ரூமில் குளிர் கிடைக்கும், சரி, ஓட இடம் எங்கே? அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

அந்த நீலக் கண்ணுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அழகுக்காக ஆசைப்படுவது ஒன்றும் பாவமில்லை. ஆனால் 2003 வாக்கில் ஒரு செல்போன் விளம்பரத்தில் சின்னதாக ஒரு பக் நாய் ஒரு பையன் பின்னாலேயே ஓடியது, பார்த்தவர்களெல்லாம் பக் தேடி அலைந்தார்கள். சப்பை மூக்கு, வெயிலில் மூச்சிரைத்தே படுத்துவிடும் என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

நம் ஊர் வெயிலுக்கே பிறந்த சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாம் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால் தலையே வந்தது. அதற்காக ஃபிளாட்டுக்கு இவற்றை வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வேட்டைக்கும் காவலுக்கும் பழகியவை, பத்துக்குப் பத்து ரூமில் அடைத்தால் வீட்டைப் பிய்த்துவிடும். தோட்டம் துரவு இருக்கிறவர்கள் வாங்கலாம். வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். எந்த ஜாதி வாங்கினாலும் மாநகராட்சி உரிமம் எடுத்துவிடுங்கள். அபார்ட்மென்ட் சங்கத்தில் நாயே கூடாது என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம், விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்படி அப்படி ஒட்டுமொத்தமாகத் தடை போட முடியாது. லிஃப்டில் சங்கிலியைச் சுருக்கிப் பிடியுங்கள், பாதிச் சண்டை வராது.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு 71 வயது, காரைக்குடியில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் துபாயில். அவர் பிறந்தநாளுக்கு ஒரு லேப்ரடார் குட்டியைச் சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். சரிதானே?
– வாசகர், துபாய்

சொல்லாமல் செய்யாதீர்கள் தம்பி. புடவை பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், குட்டியை மாற்ற முடியாது. லேப்ரடார் வளர்ந்தால் 30 கிலோ வரும். பூனையைப் பார்த்து ஒரு இழு இழுத்தால் அப்பா திண்ணையிலிருந்து விழுவார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குத் துணை வேண்டும் என்பது பாதி, பக்கத்தில் இல்லையே என்று உங்கள் மனசு அடித்துக்கொள்வது மீதி. அந்த மீதிக்கு நாயை அனுப்பாமல் நீங்களே பத்து நாள் லீவு போட்டுப் போய் இருந்துவிட்டு வாருங்கள்.

முதல் பாதிக்கு நாய் உதவும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். வீட்டம்மா இறந்த பிறகு அடுப்பே பற்ற வைப்பதில்லை, இரண்டு பன்னும் டீயும்தான் சாப்பாடு. தெருநாய் ஒன்று ராத்திரி ஏழு மணிக்கு அவர் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தது, யாரும் கூப்பிடவில்லை. பன்னைப் பிய்த்துப் போட்டவர், வெறும் பன் போடுகிறோமே என்று அதற்கென அரை ஆழாக்கு அரிசி வைத்தார். இத்தனூண்டு அரிசிக்கு எதற்கு ஒரு குக்கர் என்று தனக்கும் சேர்த்து வைத்தார். நாலு மாதத்தில் ஆள் தேறிவிட்டார். கேட்டால் "அது பட்டினி கிடக்குமேன்னு" என்பார்.

அதனால் அப்பாவிடமே கேளுங்கள். சரி என்றால் குட்டி வேண்டாம், நாலைந்து வயதான, அடங்கின, சின்ன உருவ நாயாகப் பாருங்கள். அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாய் யார் வீட்டில் இருக்கும் என்பதை இப்போதே பேசி வையுங்கள். சாம்பார் சாதம் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். வெறும் சோறும் வேகவைத்த முட்டையும் போதும்.

பேசுகிற பச்சைக்கிளி ஒன்று கூண்டில் வளர்த்தால் வீட்டுக்கு நல்லதாமே?
– வாசகி, தென்காசி

போலீஸ் வந்தால் நல்லதில்லை. பச்சைக்கிளி 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, வீட்டில் வளர்ப்பது குற்றம். ஏற்கனவே இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பக்கத்தில்தானே ஸ்ரீவில்லிபுத்தூர், ஆண்டாள் கையில் இருப்பது கூட தினமும் இலையால் புதிதாகக் கட்டுகிற கிளிதான்.

மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். நாலு வருஷமாக வளர்க்கும் பூனையை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்லி மாமியார் பிடிவாதம். குழந்தைக்கு ஆகாதாம்.
– வாசகி, கோவை

அத்தை பயப்படுவதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வரலாம், கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஆனால் மலம் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட வேண்டும், அதை உங்கள் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். (இத்தனை நாள் நீங்கள்தானே செய்தீர்கள்?) சரியாக வேகாத கறியிலும் கழுவாத கீரையிலும் கூட இதே கிருமி வரும், மாமியாரிடம் அதையும் சொல்லுங்கள். உங்கள் டாக்டரிடம் பூனை வளர்ப்பதைச் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

சாக்கில் போட்டு மார்க்கெட்டில் விடுவது மட்டும் வேண்டாம். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வரக் காரணமாக மாநிலங்களவையில் விடாமல் பேசியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல்.

ஊருக்கெல்லாம் ஐந்தரை மணி உபதேசம் செய்கிறீர்களே, நீங்கள் என்ன காரணத்துக்கு நாய் வளர்க்கிறீர்கள்?
– வாசகர், மதுரை

காவலுக்கு. வாசலில் நிறுத்திய சைக்கிள் திருட்டுப் போனது, மறுவாரமே குட்டி வாங்கிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, பின்பக்கம் இருந்த தண்ணீர் மோட்டாரைத் திருடிக்கொண்டு போனார்கள். நாய் அங்கேதான் இருந்தது. பக்கத்தில் பரோட்டாப் பொட்டலம் பிரிந்து கிடந்தது, இது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பியைப் பார்த்துக்கூட இது வரை குரைத்ததில்லை, தபால்காரர் வந்தால் மட்டும் என்ன ஜென்மப் பகையோ. தீபாவளிக்கு மூன்று நாள் கட்டிலுக்கு அடியில்தான் வாசம், சோற்றுத் தட்டும் அங்கேயே போக வேண்டும்.

இப்போது அதற்கு 13 வயது, கண் பால் மாதிரி ஆகிவிட்டது. ஐந்தரைக்கு என்னை எழுப்பிக்கொண்டிருந்ததை இப்போது நான் எழுப்புகிறேன். சங்கிலிச் சத்தம் கேட்டதும் வால் மட்டும் தரையில் இரண்டு தட்டு தட்டும், உடம்பு எழுந்திருக்காது. காவலுக்கு இரும்பு கேட் போட்டாயிற்று.