ஒன்பதாம் வகுப்பில் மனநலப் பாடம்: எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நீதிபோதனை பீரியடில் வாரம் ஒரு முறை மனநலம் பற்றிப் பேசும்படி தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். எனக்கு கவுன்சலிங் தெரியாது. தற்கொலை பற்றிப் பேசினால் நாமே அந்த எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் விதைத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. போன வாரம் ஒரு மாணவனின் அப்பா வந்து, "எம் புள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். எங்கிருந்து தொடங்குவது?
(விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்:

டீச்சர், உங்களுக்கு கவுன்சலிங் தெரியாதது இந்த வேலைக்கு ஒரு குறையே இல்லை. டெங்கு பற்றி நீங்கள் வகுப்பெடுத்திருப்பீர்கள். கொசு எங்கே முட்டையிடும், காய்ச்சல் எத்தனை நாள் நீடித்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லித் தந்திருப்பீர்கள். யாருக்கும் ஊசி போடவில்லை. மனநலப் பாடமும் அதே வேலைதான். 1997-இல் ஆஸ்திரேலியாவில் ஆந்தனி ஜோர்ம் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதற்கு 'மனநல எழுத்தறிவு' என்று பெயர் வைத்தார்கள். மனதை எப்படிப் பார்த்துக்கொள்வது, மனநோய் என்றால் என்ன, அதற்கு என்ன சிகிச்சை, நோய் வந்தவரை எப்படி நடத்துவது, உதவி எங்கே கிடைக்கும். இவ்வளவையும் ஒரு பிள்ளை தெரிந்துகொண்டால் போதும். கனடாவில் ஸ்டான் குட்சர் என்ற மனநல மருத்துவர் இதை உயர்நிலைப் பள்ளிப் பாடமாகவே வடிவமைத்தபோது, வகுப்பு ஆசிரியர்களே நடத்தும்படிதான் செய்தார்.

ஏன் ஒன்பதாம் வகுப்பு என்று தலைமையாசிரியர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: வாழ்நாளில் வரும் மனநோய்களில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அது கிட்டத்தட்ட மூன்று பேர்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன். பயிற்சியாளனாகப் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கிய முதல் வருடம், ஒரு பள்ளியில் மனச்சோர்வின் அறிகுறிகளைப் பட்டியலாக அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்து, தங்களுக்கு இருப்பதை டிக் அடிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது ஒரு பையனை மற்றவர்கள் "டிப்ரஷன், இங்க வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தாளைப் பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்திருக்கிறான். அந்தப் பையன் அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டியல் கொடுக்காதீர்கள். "உன் மனதில் இருப்பதை எல்லோர் முன்னாலும் சொல்லு" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தாதீர்கள்.

அதேபோல, முழு வகுப்புக்கும் சேர்த்து ஒரு சிகிச்சை முறையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசையும் வேண்டாம். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து, 'மைண்ட்ஃபுல்னஸ்' பயிற்சி கொடுத்தால் மனச்சோர்வு குறைகிறதா என்று பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்பைவிட அதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது கெட்டது என்று சொல்லவில்லை. விரும்புகிற பிள்ளை செய்யட்டும். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது வாரத்துக்கு நாற்பது நிமிடம். அதை அறிவுக்குச் செலவிடுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வார்த்தைகளிலிருந்து.

நம் பிள்ளைகளிடம் மனதைப் பற்றிப் பேச இருக்கும் வார்த்தைகளை எண்ணிவிடலாம். டென்ஷன், ஃபீலிங், மூட் அவுட், டிப்ரஷன், லூசு, மெண்டல். கிரிக்கெட்டில் தோற்றாலும் டிப்ரஷன்தான், பத்து நாளாகச் சாப்பிடாமல் கிடந்தாலும் டிப்ரஷன்தான். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை இருந்தால் எது சாதாரணம், எதற்கு உதவி தேவை என்று பிரிக்க முடியாது. அதனால் முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு பெரிய முக்கோணம் வரைந்து குறுக்கே மூன்று கோடு போடுங்கள். குட்சர் பயன்படுத்தும் படம் இது. அடித்தட்டில் 'எந்த வருத்தமும் இல்லை'. அதற்கு மேல் 'அன்றாட வருத்தம்': மார்க் குறைந்தது, தோழி பேசவில்லை, அப்பா திட்டினார். இது எல்லோருக்கும் வரும், தானே போகும், போகவும் வேண்டும். அதற்கு மேல் 'மனப் பிரச்சினை': தாத்தா இறந்துவிட்டார், குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது, வீட்டில் குடி. இதற்குப் பக்கத்தில் துணையாக ஓர் ஆள் வேண்டும், அத்தை, மாமா, டீச்சர் யாராவது. உச்சியில் சின்ன இடம், 'மனநோய்'. அங்கே டாக்டர் வேண்டும்.

படத்தை வரைந்த பிறகு நீங்கள் பேச்சைக் குறைத்துவிடலாம். "தேர்வுக்கு முந்தின ராத்திரி கை நடுங்குது, எந்தத் தட்டு?" என்று கேளுங்கள். "ரெண்டாவது டீச்சர்" என்பார்கள். "தேர்வு முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, இன்னும் தூக்கம் வரல, யார்கூடயும் பேசப் பிடிக்கல, பிடிச்ச கபடிக்குக்கூட போகல?" வகுப்பு யோசிக்கும். அந்த யோசனைதான் பாடம். மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர்கள் பார்க்கும் கணக்கையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்: நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும், குறைந்தது இரண்டு வாரம். உங்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் இன்னொன்று: இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வருவதில்லை, எரிச்சலாகவும் வரும். நாம் 'திமிர்' என்று எழுதிவைக்கும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் படுத்தால் தூக்கம் வராமல் தவிப்பவர்கள்.

அடுத்த வகுப்பைக் 'கீழ்ப்பாக்கம்' என்ற வார்த்தைக்கே கொடுத்துவிடலாம். ஒரு ஊரின் பெயர் எப்படி வசவாக மாறியது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். 1794-இல் மெட்ராஸில் தொடங்கிய மனநலக் காப்பகம்தான் பிற்பாடு கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இன்றைக்கு அது மருத்துவர்கள் படித்துப் பயிற்சி பெறும் அரசு மருத்துவமனை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரை 'சர்க்கரை கேஸ்' என்று தெருவில் கூப்பிட்டால் எப்படியிருக்கும் என்று கேட்டாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். நோயிலிருந்து மீண்ட ஒருவர் வகுப்புக்கு வந்து அரைமணி நேரம் பேசினால் அதைவிட நல்ல பாடம் இல்லை. மாவட்ட மனநலக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். வருபவர் தன் விருப்பத்தோடு வர வேண்டும், அது முக்கியம்.

ஒரு பழைய ஷூ டப்பாவில் துளை போட்டு வகுப்பில் வையுங்கள். கேள்வி இருப்பவர்கள் பெயர் போடாமல் எழுதிப் போடட்டும். கேள்வி இல்லாதவர்களும் ஒரு வெற்றுத்தாளை மடித்துப் போட வேண்டும், அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று தெரியாது. எனக்கு வந்த ஒரு சீட்டு இன்னும் நினைவிருக்கிறது. கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள், பென்சில் எழுத்து: "எங்க அம்மா தனியா பேசுறாங்க. எனக்கும் வருமா?" அதற்கு இப்படிப் பதில் சொன்னேன். தனியாகப் பேசுவது என்ன காரணத்தால் என்று பார்க்காமல் சொல்ல முடியாது, மருத்துவரிடம் கூட்டிப்போனால் தெரியும், மருந்து இருக்கிறது. மனச்சிதைவு என்ற நோய் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தாலும், அவர்கள் பிள்ளைகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அது வருவதில்லை. 'வராது' என்று பொய் சொல்லவில்லை, 'வரும்' என்று பயமுறுத்தவும் இல்லை. சீட்டு எழுதிய பிள்ளை யாரென்று நான் தேடவில்லை, நீங்களும் தேடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் தானாக வந்து நிற்கும்.

இப்போது உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். தற்கொலை பற்றிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் மட்டும் அதைப் பற்றி நேரடியாகக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு வேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை என்று 2005-இல் வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகளில் 11,000 மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. அதில் ஒரு பகுதிப் பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள், மொத்தமே ஐந்து மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் பிள்ளைகளே சிக்கலான சூழ்நிலைகளை நடித்துப் பார்ப்பது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பாடம் நடக்காத பள்ளிகளைவிட அந்தப் பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் குறைவாக இருந்தன.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எப்படி இறந்தார், எதைக் குடித்தார் என்ற விவரம் ஆபத்து. 'நீட்டில் தோற்றதால் இறந்தார்' என்று ஒற்றைக் காரணம் சொல்வது ஆபத்து. இறந்தவரைத் தியாகி போலப் பேசுவது ஆபத்து. இந்த மூன்றையும் விட்டுவிட்டு, ஒரு காட்சியை மட்டும் நடிக்க விடுங்கள். ஒருத்தி தோழியிடம், "எனக்கு இருக்கவே பிடிக்கலடி, யார்கிட்டயும் சொல்லாத" என்கிறாள். தோழி என்ன செய்ய வேண்டும்? முதல் தடவை நடிக்கும்போது பெரும்பாலும் "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றுதான் வரும். அங்கே நிறுத்தி, மறுபடி நடிக்கச் சொல்லுங்கள். "நீ கோபப்பட்டாலும் பரவாயில்ல, நான் டீச்சர்கிட்ட சொல்லத்தான் போறேன், வா சேர்ந்து போவோம்" என்று ஒரு பிள்ளை தன் வாயால் சொல்லும் வரை நடிக்கட்டும்.

உங்களிடம் ஒரு பிள்ளை வந்து நின்றால் அதே விதி உங்களுக்கும் உண்டு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். இருக்கிறது என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். பெற்றோரை வரவழைத்து, அன்றைக்கே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416, இரவிலும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஏற்கெனவே முயற்சி செய்த பிள்ளையின் வீட்டில் 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று மறைப்பார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. வேறு விதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய வழக்கு நடத்தித் தண்டிக்க முடியாது. இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சத்தம் போட்ட அந்த அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான், அதைத்தான் சொன்னார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதே முக்கோணத்தை அவர்களுக்கும் வரையுங்கள். தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். 'பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான்?' என்ற கேள்விக்குக் கோபப்படும் பெற்றோரை நான் பார்த்ததில்லை. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று சொன்னால் அவர்களே மற்றதைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொன்று, இது உங்களுக்காக. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு மனநலத் திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் அதற்கென்றே ஓர் ஆலோசகர், சிலவற்றில் ஏற்கெனவே இருக்கும் ஆசிரியர். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழலே மாறியது, அடிதடியும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியரிடமே விட்ட பள்ளிகளில் மாற்றம் இல்லை. 2018-இல் வெளியான இந்த முடிவைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். பாடம் நடத்துவதை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். தனியே உட்கார்ந்து மாதக்கணக்கில் ஒரு பிள்ளையைக் கேட்கும் வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டியது பள்ளியின் பொறுப்பு. அதுவரை மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதல் வகுப்புக்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் வந்த பிறகு முக்கோணத்தை வரையுங்கள்.