சார் கண்ணுக்கு உங்களுக்கு இன்னும் இருபது வயது

கேள்வி: காட்பாடியில் நாங்கள் எட்டு பேர், கல்லூரி நாளிலிருந்து ஒன்றாக பாஸ்கெட்பால் ஆடுகிறோம். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. அன்று சொல்லிக்கொடுத்த சார்தான் இன்றும் கோச். முதல் நிமிடத்திலிருந்தே ஃபுல் கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க ஓடி எதிரணியை மறிப்பது) ஆடச் சொல்கிறார். மூன்று குவார்ட்டர் முன்னால் இருந்துவிட்டு, நாலாவதில் கால் வராமல் தோற்கிறோம். போன மேட்சில் என்னைப் பாதி ஆட்டம் உட்கார வைத்துவிட்டார். கோச்சை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். உங்களில் யார் எந்தப் பக்கம் திரும்பி ஷூட் செய்வார், யார் திட்டினால் ஒடிந்துபோவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிதாக வருகிறவர் இதைக் கற்கவே ஒரு வருடம் ஆகும்.

அவருடைய குறையும் அங்கேதான் இருக்கிறது. அவர் பார்ப்பது பழைய உங்களை. 28 மீட்டர் கோர்ட் முழுக்க ஓடி மறிப்பது இருபது வயது வேலை. அதுவும் நம்ம ஊர் மே மாதத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கும் சிமென்ட் தரை ஷூவுக்குள் சுடும்போது! பாதி கோர்ட்டில் ஸோன் கட்டி, அதாவது ஆளுக்கொரு இடத்தைக் காத்து நின்றால் போதும்.

அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் கோச்சாக இருந்த கிரெக் போபோவிச்சைப் பாருங்கள். 2013-14 சீசனில் அவர் அணியில் ஒருவர்கூட சராசரியாக ஒரு மேட்சுக்கு 30 நிமிடம் ஆடவில்லை. 38 வயது டிம் டங்கனோடு கோப்பையையும் வென்றார். அவரும் சறுக்கியவர்தான். முந்தைய ஆண்டு இறுதிச்சுற்றின் ஆறாவது மேட்சில், மூன்று பாயின்ட் முன்னிலையில் இருந்தபோது, கடைசி நொடிகளில் நெட்டை ஆளான டங்கனை பெஞ்சில் வைத்தார். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்து) எதிரணி கைக்குப் போனது, ரே ஆலன் மூன்று பாயின்ட் போட்டுச் சமன் செய்தார். மேட்சும் போனது, அப்புறம் கோப்பையும் போனது. அதனால் ஓய்வு நடுவில் இருக்கட்டும். கடைசி நிமிடத்தில் உங்கள் நெட்டை ஆள் உள்ளே நிற்கட்டும்.

இப்போது உங்கள் விஷயம். நாற்பது நிமிட ஆட்டம், உள்ளே ஐந்து பேர். மொத்தம் 200 நிமிடம். எட்டு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 25. நீங்கள் ஆடியது 20. ஐந்து நிமிடத்துக்கா ஒரு கோச்சை மாற்றுவார்கள்? (கோபம் எனக்குப் புரிகிறது, பெஞ்சில் போகும் ஒரு நிமிடம் பத்து நிமிடம் மாதிரி இருக்கும்.) உங்களை உட்கார வைத்தபோதுதான் அவர் சரியாகச் செய்தார். மற்றவர்களை ஏன் வைக்கவில்லை என்று கேளுங்கள். ஒருவேளை மற்றவர்கள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள் என்ற பயமாக இருக்கும்.

பிராக்டீஸுக்கு அரை மணி முன்னால் தனியாகப் போய்ப் பேசுங்கள். மற்ற ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பஞ்சாயத்தாகிவிடும். "சார், அடுத்த மேட்சில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றிப் பார்க்கலாமா? முதலில் என்னையே வெளியே எடுங்க" என்று ஆரம்பியுங்கள்.